ஸ்டாம்பு காசான கதையும், என் பதினாலு சீட்டும்



போன வாரம் கிணத்து மேட்டுக் காட்டுல ரொட்டவேட்டர் ஓட்டிட்டு இருந்தோம். வெங்காயத்துக்குப் பாத்தி கட்டணும். மண்கட்டி உடைஞ்சு விழுந்த இடத்துல வட்டமா ஒண்ணு கிடந்துச்சு. வாஷர்னு நெனச்சு எடுத்துத் துடைச்சுப் பார்த்தா ஓட்டைக் காலணா. 1944ன்னு வருஷம் தெளிவா இருக்கு.

வாஷர்னு நெனச்சது தப்பில்லீங்க. எங்க அப்பாரு இந்தக் காலணாவை வண்டி ஆணிக்கு வாஷரா போட்டதை நானே சின்ன வயசுல பார்த்திருக்கேன். எங்க அம்மாயி அரைஞாண் கயித்துல கோத்து வச்சிருந்தாங்க. ஆனா இதுல எதுக்கு ஓட்டை போட்டாங்கன்னு அன்னைக்கு யாரையும் கேட்கத் தோணலை.

பதில் சுலபம்தான். இரண்டாம் உலகப் போர். உலோகத்துக்குத் தட்டுப்பாடு. முன்னாடி இருந்த காலணா ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 1943ல் வந்த ஓட்டைக் காலணா இரண்டு கிராம்தான். நடுவை எடுத்துவிட்டால் ஒரு காசின் செம்பில் இரண்டு காசு அடிக்கலாம். அப்போது நாடு முழுக்கச் சில்லறைக்குப் பஞ்சம். குஜராத் பக்கம் கத்தியவார் சமஸ்தானங்கள் சிலது அட்டையில் அச்சடித்துச் சில்லறையாக ஓட்டின. இலங்கையில் 1942ல் ஒரு ஐந்து சென்ட் நோட்டு வந்தது. தபால்தலைத் தாள் மாதிரி நடுவில் துளை போட்டிருக்கும். கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சென்ட், இன்னொரு பக்கம் மூன்று சென்ட்.

போர் என்றால் நமக்குக் குண்டும் பீரங்கியும்தான் ஞாபகம் வரும். ஆனால் சண்டை நடக்கிற இடத்திலிருந்து நூறு மைல் தள்ளி இருக்கிறவனுக்கு முதலில் தெரிவது, கடைக்காரர் "சில்லறை இல்லீங்க" என்று கையை விரிப்பதுதான்.

இதைவிட விசேஷமான சில்லறை ஒன்றைச் சில வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூர் நாணயக் கண்காட்சியில் பார்த்தேன். மஞ்சள் வித்த காசு கையில் இருந்த சமயம். பழங்காசு மேல எனக்கு ஒரு கிறுக்கு உண்டுன்னு இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்களுக்குத் தெரியும். ஒரு பெரியவர் மேசையில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்றை வைத்திருந்தார். பித்தளை விளிம்பு. உள்ளே ஒரு தபால்தலை. நம்ம பழைய ஐம்பது பைசா அளவுதான் இருக்கும்.

"கையில எடுத்துப் பாருங்க தம்பி, ஆனா அழுத்தாதீங்க, மேல இருக்கறது கண்ணாடி இல்ல, காக்காப்பொன்னு" என்றார்.

காக்காப்பொன் தெரியுமல்லவா, மைக்கா. பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே தகடாக இருக்குமே, அதுதான். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பித்தளையில் மேடாக ஒரு மாத்திரை விளம்பரம். எடையே தெரியவில்லை. இது காசா, விளம்பரமா, தபால்தலையா? மூன்றும்தான் என்று சிரித்தார் பெரியவர். விலையைக் கேட்டேன். அதுக்கு ஒரு கறவை மாடே வாங்கலாம்னு பட்டுச்சு. மரியாதையா மேசை மேல வச்சுட்டு வந்துட்டேன். ஆனா அந்தக் கதை என்னை விடலை. கிடைச்சதை எல்லாம் படிச்சேன். அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

அமெரிக்காவில் 1861 ஏப்ரலில் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை. செலவு ஏறிக்கொண்டே போனது. அந்த வருஷக் கடைசியில், டிசம்பர் 30ஆம் தேதி, நியூயார்க் வங்கிகள் நோட்டுக்குப் பதிலாகத் தங்கம் தருவதை நிறுத்திவிட்டன. 1862 பிப்ரவரியில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுத் தங்கத்தின் பின்பலம் இல்லாத காகித நோட்டை வெளியிட்டது. பின்பக்கம் பச்சை மையில் இருந்ததால் அதற்குக் கிரீன்பேக் என்று பெயர்.

நோட்டு இறங்கியது. சட்டப்படி ஒரு டாலர் நோட்டும் ஒரு டாலர் வெள்ளியும் சமம். சந்தையில் சமமில்லை. நல்ல தேங்காயும் அழுகல் தேங்காயும் ஒரே விலைன்னு சந்தையில சட்டம் போட்டா, நாம நல்ல தேங்காயை வெளியவே எடுக்க மாட்டோம், இல்லீங்களா? அதேதான். முதலில் தங்கம் மறைந்தது. 1862 கோடையில் வெள்ளியும் மறைந்தது. கால் டாலர், பத்து சென்ட் எல்லாம் வீட்டுப் பானைக்குள் போயின, இல்லாவிட்டால் எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போயின. கடைசியில் செம்பும் நிக்கலும் கலந்த ஒரு சென்ட் காசைக்கூட ஜனங்கள் பதுக்க ஆரம்பித்தார்கள். (சென்ட் என்றால் நம்ம நிலக்கணக்குச் சென்ட் இல்லை. நூறு சென்ட் ஒரு டாலர்.)

இதில் பெரிய ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயிரம் டாலருக்குப் பஞ்சு வாங்குகிறவன் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போவான். அடிபட்டது யார்? குதிரை இழுக்கிற டிராமில் ஏறுகிறவன், படகில் ஆற்றைக் கடக்கிறவன், ஒரு ரொட்டியும் ஒரு பத்திரிகையும் வாங்குகிறவன். அஞ்சு சென்ட் சாமானுக்கு ஒரு டாலர் நோட்டை நீட்டினால் மீதி கொடுக்க யாரிடமும் எதுவும் இல்லை. கடைக்காரர்கள் தாங்களே சீட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு அவன் கடையில் மட்டும்தான் செல்லும். அவன் கடையை மூடினால் அதுவும் போச்சு.

அப்போதுதான் தபால்தலை மேல் எல்லோர் கண்ணும் விழுந்தது. மூன்று சென்ட் தபால்தலையை எந்தத் தபாலாபீசுக்குக் கொண்டுபோனாலும் ஒரு கடிதம் போகும். அரசாங்கம் அச்சடித்தது. விலையும் அதன் மேலேயே போட்டிருக்கிறது. சின்னத் தொகை. வேறென்ன வேண்டும்? 1862 ஜூலை 17ஆம் தேதி லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டிய ஐந்து டாலருக்குக் குறைந்த தொகைகளுக்குத் தபால்தலையை வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒன்று. ஒரு டாலருக்குக் கீழே தனியார் யாரும் நோட்டு, சீட்டு வெளியிடக் கூடாது என்பது இன்னொன்று. யோசனை நிதி அமைச்சர் சேஸ் உடையது. வேடிக்கை என்னவென்றால் தபால் துறையின் தலைவர் பிளேர் இதற்குச் சுத்தமாகத் தயாராக இல்லை. தபாலாபீஸ் வாசலில் கூட்டம் குவிகிறது. கடிதம் போட ஸ்டாம்பு வேண்டும் என்று வருகிறவனுக்கு இல்லை, கட்டுக் கட்டாகச் சில்லறைக்கு வாங்குகிறவன் அள்ளிக்கொண்டு போகிறான். மொத்தமாக விற்காதீர்கள் என்று தபால் துறை கட்டுப்பாடு போட்டது. ஒரு துறை ஆகட்டும்ங்குது, பக்கத்துத் துறை கூடாதுங்குது. பட்டா மாத்த நடந்து பழகின நமக்கு இது புதுசில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை கோந்து. தபால்தலையின் பின்பக்கம் கோந்து இருக்குமே! கோடைகாலம், வேர்வைக் கை, சட்டைப் பை. பத்துத் தபால்தலை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டை. பிரித்தால் கிழியும். ஜனங்கள் சின்னக் கவரில் போட்டு, கவர் மேல் இருபத்தைந்து சென்ட், ஐம்பது சென்ட் என்று அச்சடித்துக் கைமாற்றினார்கள். உள்ளே எத்தனை இருக்கிறது, கிழிந்ததா முழுசா என்று ஒவ்வொரு தடவையும் யார் எண்ணிப் பார்ப்பது? அதில் ஏமாற்றும் நடந்தது.

இந்த இடத்தில்தான் ஜான் கால்ட் வருகிறார். தபால்தலைக்கு ஒரு கூடு செய்தால் என்ன என்பது அவர் யோசனை. 1862 ஆகஸ்ட் 12ஆம் தேதி காப்புரிமை வாங்கினார். செய்து கொடுத்தது கனெக்டிகட் மாநிலம் வாட்டர்பரி ஊரில் இருந்த ஸ்கோவில் கம்பெனி. அவர்கள் பித்தளைப் பொத்தான் செய்கிறவர்கள். நான் முதலில் பார்த்தபோது சட்டைப் பொத்தான் என்று நினைத்ததில் ஆச்சரியமே இல்லை பாருங்கள்.

செய்முறை இதுதான். வட்டமான ஒரு அட்டைத் துண்டு. அதன் மேல் தபால்தலையை வைத்து நாலு மூலையையும் பின்னால் மடிக்க வேண்டும். முகம் மட்டும் முன்னால் தெரியும். அதன் மேல் மெல்லிய காக்காப்பொன் தகடு. பின்பக்கம் பித்தளைத் தட்டு. எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள ஒரு பித்தளை விளிம்பை வைத்து அழுத்தி மடித்துவிட்டால் முடிந்தது. கையில் ஒட்டாது, நனையாது, அழுக்காகாது. முகம் தெரிவதால் எத்தனை சென்ட் என்று பார்த்ததும் தெரியும். 1, 3, 5, 10, 12, 24, 30, 90 சென்ட் தபால்தலைகளை இப்படிக் கூட்டுக்குள் அடைத்தார்கள். எல்லாம் 1861ல் புதிதாக வந்த வரிசை. போர் தொடங்கியதும் பழைய தபால்தலைகள் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. தெற்கு மாநிலத் தபாலாபீஸ்களில் இருந்த பழைய இருப்பை எதிரி காசாக்கிவிடக் கூடாதே என்பதற்காக.

சரி, கால்டுக்கு இதில் என்ன லாபம்? மூன்று சென்ட் தபால்தலைக்கு மூன்று சென்ட் கொடுத்தாக வேண்டும். மேலே பித்தளை, மைக்கா, கூலி. மூன்று சென்ட் காசாகத்தான் அது செல்லும். நஷ்டம் யார் தலையில்? அங்கேதான் அந்த மனுஷன் மூளை. பின்பக்கப் பித்தளை காலியாகக் கிடக்கிறதே, அதை விளம்பரத்துக்கு விற்றார். வியாபாரிகள் தபால்தலை விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கினார்கள். அதைத் தங்கள் கடையில் சில்லறையாகக் கொடுத்தால் ஊரெல்லாம் அவர்கள் பெயர் சுற்றும். நோட்டீஸைக் கசக்கிப் போடுவான். காசை எவன் தூக்கி எறிவான்?

முப்பது வியாபாரிகள் போலச் சேர்ந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் லோவல் ஊர் ஏயர் கம்பெனியின் பேதி மாத்திரையும் சர்சபரில்லா மருந்தும்தான் இதில் அதிகம். சர்சபரில்லா வேற ஒண்ணுமில்லீங்க, நம்ம நன்னாரி மாதிரி, ரத்தம் சுத்தியாகும்னு வித்த ஒரு வேர். அப்புறம் டிரேக் என்கிறவரின் பிளான்டேஷன் பிட்டர்ஸ். பேர் மருந்து, உள்ளே இருந்தது பெரும்பாலும் சாராயம். தொப்பிக்கடை, நியூயார்க் லார்ட் அண்ட் டெய்லர் ஜவுளிக்கடை, சிகாகோ டிரெமான்ட் ஹவுஸ் ஓட்டல், ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி, ஏன், எல்லை தாண்டி கனடாவின் மான்ட்ரியால் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். கால்ட் தன் பெயரையே போட்டு வெளியிட்டதும் உண்டு. போர்க்களத்தில் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த மாதங்களில் ஊருக்குள் ஜனங்கள் பேதி மாத்திரை விளம்பரத்தைக் கொடுத்து ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இந்தக் கூட்டுக்காசு ரொம்ப நாள் ஓடவில்லை. கால்டுக்கு வேண்டிய அளவு தபால்தலை கிடைப்பதே கஷ்டம். அதோடு காப்புரிமை வாங்கிய அதே ஆகஸ்ட் மாதமே அரசாங்கம் சில்லறை நோட்டுகளை இறக்கிவிட்டது. 5, 10, 25, 50 சென்ட். அதிலும் தபால்தலைப் படம்தான். இருபத்தைந்து சென்ட் நோட்டில் ஐந்து ஐந்து சென்ட் தபால்தலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். முதலில் வந்தவற்றில் ஓரத்தில் தபால்தலை மாதிரி பல்லே இருந்தது. இதை அச்சடிக்கச் செலவு கம்மி. பித்தளையும் வேண்டாம், மைக்காவும் வேண்டாம். அந்த வகைச் சில்லறை நோட்டு, பின்னால் உருவம் மாறி 1876 வரைக்கும் வந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் தனியார்கள் செம்பில் சென்ட் மாதிரியே வில்லை அடித்து லட்சக்கணக்கில் விட்டார்கள். அதை 1864ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

கால்டின் கூட்டுக்காசு மொத்தம் ஏழரை லட்சம் போல செய்யப்பட்டிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இன்று மிஞ்சியிருப்பது சில ஆயிரம்தான். மற்றதெல்லாம் எங்கே? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஜனங்கள் உடைத்துவிட்டார்கள்! அரசாங்கச் சில்லறை வந்ததும், கையிலிருந்த கூட்டின் விளிம்பைக் கத்தியால் நெம்பி, உள்ளே இருந்த தபால்தலையை எடுத்துக் கடிதத்தில் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருந்த சரக்கு நல்ல சரக்கு. அதனால்தான் கூடு மிஞ்சவில்லை. கால்ட் கொடுத்த வாக்கு அத்தனை முறையும் நிறைவேறியது என்றுதானே அர்த்தம்? இன்று சேகரிப்பவர்களிடம் இருப்பது எல்லாம் யாரோ உடைக்க மறந்தது, பெட்டிக்குள் கிடந்தது, பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தது.

பிழைத்ததிலும் மைக்கா விரிசல் இல்லாமல் இருப்பது அபூர்வம். ஏடு ஏடாகப் பிரிகிற பொருள் அது. இன்று சாதாரணமான ஏயர் மூன்று சென்ட், ஒரு சென்ட் வகைகூட சில நூறு டாலர். தொண்ணூறு சென்ட் என்றால் ஆயிரக்கணக்கில். ஏனென்றால் 1862ல் தொண்ணூறு சென்ட்டைச் சில்லறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், செய்ததே கொஞ்சம்.

விலை ஏறினால் போலி வரத்தானே செய்யும். கோயமுத்தூர்ப் பெரியவர் இதை அக்கறையாகச் சொல்லிக் கொடுத்தார். விளிம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். ஒரு தடவை மடித்த பித்தளையைத் திறந்து மறுபடி மடித்தால் நெம்பின தழும்பு போகாது. மலிவான ஒரு சென்ட்டை எடுத்துவிட்டு விலை உயர்ந்த தபால்தலையை உள்ளே வைக்கிறவர்கள் உண்டு. விரிசல் விட்ட மைக்காவை மாற்றுகிறவர்கள் உண்டு. இரண்டு சென்ட் தபால்தலை உள்ளே இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இரண்டு சென்ட் தபால்தலை வெளிவந்ததே 1863 ஜூலையில். அதற்குள் கூட்டுக்காசின் காலம் முடிந்துவிட்டது. "தேதி பொய் சொல்லாதுங்க தம்பி" என்றார்.

நான் அன்னைக்கு மேசை மேல வச்சுட்டு வந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அதைக் கையில் பிடிச்சப்ப எனக்கு 2016 நவம்பர்தான் ஞாபகம் வந்துச்சு.

நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு அறிவிச்சாங்க. எங்க தோட்டத்துல சின்ன வெங்காயம் பிடுங்கற பருவம். மண்ணுக்குள்ள விட்டா முளைச்சுப் போகும், ஆளைக் கூப்பிட்டே ஆகணும். வியாபாரி கொடுத்த முன்பணம் அத்தனையும் ஐநூறு தாள். பேங்குல வரிசை ரோடு வரைக்கும். மூணு நாள் நின்னு நாலாவது நாள் கிடைச்சது இரண்டாயிரம் ரூபாய்த் தாள். அதை வச்சுக்கிட்டு இருநூறு ரூபாய் கூலி எப்படிக் கொடுக்க? பதினாலு பேர், பொம்பளைங்க. அன்னன்னைக்கு வாங்கற கூலியில அன்னன்னைக்கு அரிசி வாங்கறவங்க.

எங்க ஊர் மளிகைக் கடைக்காரர்கிட்ட போய்ப் பேசினேன். தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்னாடி "ரூ. 200" எழுதி, தேதி போட்டு, என் கையெழுத்தையும் போட்டுப் பதினாலு சீட்டு கொடுத்தேன். சீட்டைக் காட்டினா கடையில சாமான் கொடுப்பாரு, வெங்காயக் காசு வந்ததும் நான் அவருக்குக் கணக்கு முடிக்கணும். லிங்கன் சட்டப்படி பார்த்தா நான் உள்ளே போயிருக்கணும்! கொடுக்கறப்ப கை கூசுச்சுங்க. வெயில்ல குனிஞ்சு வேலை பார்த்தவங்க கையில நேத்தைய ராசிபலன் தாளைக் கொடுக்கறேன். யாரும் ஒண்ணும் சொல்லலை. ஒருத்தர் மட்டும், "இது செல்லுமா?"ன்னு கேட்டாங்க. "நான் இருக்கற வரைக்கும் செல்லும்க்கா"ன்னேன். சொல்லிட்டு ராத்திரி தூக்கம் வரலை. வியாபாரி வெங்காயத்துக்குக் காசு கொடுக்கலைன்னா என் கையெழுத்துக்கு என்ன மரியாதை?

ஒண்ணரை மாசம் கழிச்சுத்தான் காசு வந்துச்சு. நேரா கடைக்குப் போய்க் கணக்கு முடிச்சேன். சீட்டை எண்ணினா பதிமூணுதான் இருக்கு. கடைக்காரர் நோட்டுலயும் பதிமூணுதான். ஒண்ணு திரும்பி வரவே இல்லை. யாருதுன்னு விசாரிச்சப்ப, கூட்டத்துல மூத்த ஆத்தா ஒருத்தர், எழுபது வயசு இருக்கும், சுருக்குப் பையைத் திறந்து காட்டினாங்க. வெத்திலையோட, நாலா மடிச்சு வச்சிருந்தாங்க. மகன் அரிசி வாங்கிட்டு வந்துட்டானாம், அதனால மாத்தலையாம்.

இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். ரூபாயை வாங்கிக்கிட்டாங்க. சீட்டைத் திருப்பிக் கேட்டேன்.

"அது எங்கிட்டயே இருக்கட்டும் சாமி, உன் கையெழுத்துத்தானே"ன்னு பையை இழுத்துக் கட்டிட்டாங்க.